கருவை மரபணு பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? மும்பையிலிருந்து ஒரு கேள்வி

செம்பூர்_கல்யாணி | திங்கள் இரவு 10.42

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பில் போதுமான ரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டே கேர் வார்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். உடம்பில் சேர்கிற இரும்பை வெளியேற்ற தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். டம்ளரின் அடியில் தங்குவதை மறுபடி தண்ணீர் விட்டுக் கலக்கி அவனைக் குடிக்க வைப்பதற்குள் ஸ்கூல் வேன் கீழே ஹாரன் அடிக்கும்.

நானும் கணவரும் தலசீமியா மைனர்; எங்களுக்கு நோய் இல்லை, ஆனால் பழுதான ஜீன் ஒன்று இருவரிடமும் உண்டு. அவர் என் சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னால் யாரும் ரத்தம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் குணமாக வாய்ப்பு உண்டு என்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் யாருடையதும் பொருந்தவில்லை. இப்போது டாக்டர் சொல்கிற வழி இது: ஐவிஎஃப் முறையில் கருக்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மரபணு பார்த்து, மேஜர் இல்லாததும் மகனுக்கு எச்எல்ஏ (மஜ்ஜை ஒத்துப்போகுமா என்று காட்டும் மரபணு அடையாளம்) பொருந்துவதுமான கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது. பிறக்கும் குழந்தையின் மஜ்ஜையிலிருந்து அண்ணனுக்குக் கொடுப்பது.

என்னைக் குடைவது இதுதான். மீதிக் கருக்கள் என்ன ஆகும்? ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொள்வது அந்த இரண்டாவது பிள்ளைக்குச் செய்கிற துரோகமா? அப்புறம், இன்றைக்கு நோய்க்காகப் பார்க்கிறவர்கள் நாளைக்கு வேறு எதற்காகவோ பார்க்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கற்பனையாகக் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் என் மாமனார் சொன்ன முதல் வார்த்தை, “எப்படியும் எல்லாத்தையும் பாக்கத்தானே போறாங்க, இதுவும் பையனா பாத்து வெக்கச் சொல்லு.”

கணவரின் நண்பர் ஒருவர், “அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்ச வருஷத்துல ஜீனையே திருத்திடுவாங்க” என்கிறார்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்களும் சொல்லலாம், வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.


முலுண்ட்_வெங்கட்ராமன் | திங்கள் இரவு 11.05

பிறப்பு நம் கையில் இல்லை அம்மா. கருவைப் பொறுக்கி எடுப்பது பகவான் வேலையில் கை வைப்பது. இருக்கிற பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.


அந்தேரி_அன்வர் | திங்கள் இரவு 11.11

வெங்கட் சார், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவதும் அந்தக் கணக்கில் கை வைப்பதுதானே? ஏற்றாமல் விட்டால் அந்தப் பிள்ளை இருக்காது. அங்கே கை வைக்கலாம், இங்கே கூடாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை.


பவாய்_கோடர் | திங்கள் இரவு 11.30

எனக்கு இதில் என்ன தர்மசங்கடம் என்றே புரியவில்லை. நோய் வராமல் செய்ய முடியும் என்றால் செய்ய வேண்டும். அதற்கு மேலேயும் போகலாம் என்பேன். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் கருவின் மரபணுவைப் பார்த்து சர்க்கரை, இதய நோய் அபாயம் மட்டுமில்லை, அறிவுத்திறன் எவ்வளவு இருக்கும் என்றும் மதிப்பெண் கொடுக்கின்றன. ராஜஸ்தானில் இருக்கும் கோட்டா நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பி லட்சக்கணக்கில் கோச்சிங் ஃபீஸ் கட்டுகிறவர்கள் அதை ஏன் கருவிலேயே செய்யக் கூடாது? சீனாவில் 2018லேயே ஜீனைத் திருத்திக் குழந்தைகள் பிறந்தாயிற்று. நாம் இன்னும் பாவ புண்ணியம் பேசிக்கொண்டிருக்கிறோம்.


பரேல்_லேப்காரி | செவ்வாய் காலை 7.15

மரபணு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்த லேப் என்று கேட்காதீர்கள். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்த புண்ணியத்தில் விரிவாக எழுதுகிறேன்.

கல்யாணி, முதலில் கணக்கு. இருவரும் மைனர் என்றால் ஒவ்வொரு கருவும் மேஜராக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. மைனராக இருக்க நாலில் இரண்டு. இரண்டுமே இல்லாமல் இருக்க நாலில் ஒன்று. ஆக, நோய் இல்லாதவை நாலில் மூன்று. எச்எல்ஏ என்பது வேறு குரோமோசோமில், ஆறாவதில் இருக்கிறது. தலசீமியா ஜீன் பதினொன்றாவதில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அண்ணனுக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் 16இல் 3. அதாவது பத்துக் கரு தேறினால் சராசரியாக இரண்டுகூட முழுசாகக் கிடைக்காது. ஒரே சுற்றில் பத்துக் கரு தேறுவதே பலருக்கு நடக்காது. க்ளினிக்கில் இதைச் சிரித்த முகத்தோடு வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், நிறுத்தித் திரும்பக் கேளுங்கள்.

சோதனை எப்படி என்றால், கரு ஐந்தாவது அல்லது ஆறாவது நாளை எட்டும்போது வெளி அடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்கள் எடுப்போம். பிற்பாடு நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதி அது. குழந்தையாகப் போகிற உள்கொத்தைத் தொடுவதில்லை. கருவை உறைய வைத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். கையில் இருப்பது சில செல்கள்தான் என்பதால் அபூர்வமாகத் தப்பும் நடக்கும். அதனால்தான் கர்ப்பம் தரித்த பிறகும் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறோம்.

அடுத்து, ஜீனைத் திருத்துகிற பேச்சு. உங்கள் கணவரின் நண்பருக்குச் சொல்லுங்கள்: உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் கருக்களில் நாலில் மூன்று ஏற்கெனவே நோய் இல்லாதவை. இருப்பதில் நல்லதை எடுக்க முடிகிற இடத்தில், பழுதானதை எடுத்துத் திருத்தி அதனால் வரும் ஆபத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள எதற்கு? கணவன், மனைவி இருவருமே மேஜர் என்றால் எல்லாக் கருவும் மேஜராகத்தான் இருக்கும்; அந்த மாதிரி அபூர்வமான ஜோடிக்குத்தான் திருத்தம் என்ற பேச்சுக்கே அர்த்தம் உண்டு. உலகத்தில் இதைப் பற்றி இவ்வளவு சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பவாய் தம்பிக்கு: சீனாவில் ஹே ஜியான்குய் செய்தது என்ன தெரியுமா? பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. அப்பாவுக்கு எச்ஐவி. விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து கரு உண்டாக்கினாலே குழந்தைக்குத் தொற்றாது; அது பழைய முறை. ஆனாலும் எச்ஐவி செல்லுக்குள் நுழைய வழிவிடுகிற சிசிஆர்5 என்ற ஜீனை வெட்டினார். எதிர்காலத்தில் எச்ஐவி வராமல் தடுக்கவாம். ஐரோப்பியர்கள் சிலரிடம் இயற்கையாகவே இருந்து எச்ஐவியைத் தடுக்கிற மாற்றம் அப்படியே வந்ததா என்றால் அதுவும் இல்லை. வேறு விதமாக வெட்டுப்பட்டிருந்தது. எல்லா செல்லிலும் ஒரே மாதிரி மாறவும் இல்லை. 2019 டிசம்பரில் மூன்று வருடச் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். அந்தக் குழந்தைகளின் பிள்ளைகளுக்கும் அந்த வெட்டு போகலாம், அவர்களை யாரும் கேட்கவில்லை.

அறிவுத்திறன் மதிப்பெண் விஷயம்: 2019இல் வந்த ஓர் ஆய்வில், பத்துக் கருவில் மிக உயர்ந்த மதிப்பெண் உள்ளதை எடுத்தால் சராசரிக்கு மேல் கிடைப்பது சுமார் 2.5 ஐக்யூ புள்ளி என்று கணக்கு வந்தது. உயரம் என்றால் 2.5 சென்டிமீட்டர். அந்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவலை வைத்துப் போடுவது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இன்னும் மோசமாகத்தான் பொருந்தும். பணத்தை கோட்டாவுக்கே கட்டலாம்.

தாதர் வந்துவிட்டது. மிச்சம் அப்புறம்.


பவாய்_கோடர் | செவ்வாய் காலை 9.02

//பணத்தை கோட்டாவுக்கே கட்டலாம்//

சரி மேடம், இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பதில். பத்து வருடம் கழித்து 2.5 என்பது 15 ஆனால்? வெட்டும் துல்லியமாகிவிட்டால்? அப்போதும் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள். “இப்போது சரியாக வேலை செய்யவில்லை” என்பதை நெறிமுறைக் காரணமாக எண்ண முடியாது.


அந்தேரி_அன்வர் | செவ்வாய் காலை 9.20

இது நியாயமான கேள்வி. நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


மாட்டுங்கா_ரமா | செவ்வாய் மதியம் 2.30

கோடர் தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு வயது எழுபதைத் தொடுகிறது. எண்பதுகளில் இதே மும்பையில் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டவள்.

பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் சோதனை இந்தியாவுக்கு எதற்காக வந்தது? கருவில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க. எழுபதுகளின் நடுவில் டில்லி எய்ம்ஸில் ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம். அதே நீரில் ஆணா பெண்ணா என்றும் தெரிந்தது. கொஞ்ச காலத்தில் அரசு மருத்துவமனைகளில் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதற்குள் தனியார்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் பின்னால் கல்யாணச் செலவு மிச்சம் என்கிற தோரணையில் பகிரங்கமாக விளம்பரம் செய்தார்கள். யாருக்கும் வெட்கமில்லை. படித்தவர்கள்தான் முதலில் போனார்கள், அதை மட்டும் மறந்துவிடாதே.

1988இல் மகாராஷ்டிராதான் முதலில் சட்டம் போட்டது. மத்திய அரசின் சட்டம் 1994. அதுவும் ஏட்டில் தூங்கியது. மும்பையில் இருக்கும் சேஹத், புனேயின் மாசூம் என்ற தொண்டு அமைப்புகளும் சமூக ஆர்வலர் டாக்டர் சாபு ஜார்ஜும் 2000த்தில் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் அசைந்தது. 2003இல் திருத்தம் செய்து, கரு உண்டாவதற்கு முன்பே பாலினத்தைத் தேர்வு செய்வதையும் தடை செய்தார்கள். ஏன்? டெக்னாலஜி அங்கே போய்விட்டிருந்தது. 2011 சென்சஸில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் பையனுக்கு 919 பெண் குழந்தைகள். நம் தமிழ்நாட்டில் 943 என்று பெருமைப்பட வேண்டாம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்கு வந்தது என்று யோசித்துப் பார்.

ஆக, துல்லியமானால் என்ன ஆகும் என்கிறாய். பாலினம் பார்க்கிற சோதனை துல்லியமாகத்தான் இருந்தது. அது சரியாக வேலை செய்ததுதான் கேடு. மாமனார் கேட்பதைச் செய்துகொடுக்க ஒரு கருவி கிடைத்ததும், கேட்பது உரிமையாகிவிட்டது. கேட்காத மருமகள் பிழைக்கத் தெரியாதவள் ஆனாள். பெண் வேண்டாம் என்பதற்கு அன்றைக்கும் காரணம் சொன்னார்கள்: அவளுக்கே கஷ்டம், வரதட்சணை, பாதுகாப்பு. எல்லாம் பிள்ளையின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். நாளைக்கு நிறத்துக்கும் அதையே சொல்வார்கள். கருப்பாகப் பிறந்தால் அவளுக்குத்தானே கஷ்டம்! கஷ்டம் கொடுக்கிறவன் ஊரில் இருக்கிறான், திருத்துவது கருவையா?

கல்யாணி, உன் விஷயம் இதில் சேராது. ரத்தமே ஊறாத உடம்பு ஊரார் கொடுக்கும் கஷ்டம் இல்லை. நீ போய்ச் செய்.


சயான்_வக்கீல் | செவ்வாய் மாலை 6.10

சட்டம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும், ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளுக்கான உதவி இனப்பெருக்கச் சட்டப்படி, கருவில் மரபணு சோதனை ஏற்கெனவே தெரிந்த பரம்பரை அல்லது மரபணு நோய்களுக்கு மட்டும்தான். தலசீமியாவுக்குப் பார்க்கலாம். பாலினத் தேர்வுக்குக் க்ளினிக் விளம்பரம் செய்தாலோ செய்துகொடுத்தாலோ ஐந்து முதல் பத்து வருடச் சிறை, அல்லது பத்து முதல் இருபத்தைந்து லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பழைய 1994 சட்டப்படி பாலினத் தேர்வு கேட்டு வருகிற குடும்பத்தாருக்கும் முதல் முறைக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. மனைவி கட்டாயத்தின் பேரில்தான் வந்தார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். கணவரும் உறவினரும்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பாராவை அப்படியே மாமனாருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

ஒரு முடிச்சு இருக்கிறது. எச்எல்ஏ பொருத்தம் என்பது நோய் இல்லை. சட்டத்தின் வாசகம் “நோய்களுக்கு மட்டும்” என்கிறது. நோய்க்காகச் செய்யும் சோதனையோடு சேர்த்துச் செய்கிறோம் என்று வாதிடலாம், நானே வாதிடுவேன். ஆனால் நீங்கள் போகிற க்ளினிக் இதை எந்த அடிப்படையில் செய்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அகமதாபாத்தில் தலசீமியா அண்ணனுக்காக இப்படித் தேர்ந்தெடுத்து ஒரு தங்கை பிறந்தது 2018 அக்டோபரில். 2020 மார்ச்சில் அவளுடைய மஜ்ஜையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அது இந்தச் சட்டத்துக்கு முந்தியது.

ஜீன் திருத்திய கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் இடம் தரவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.


டோம்பிவிலி_பாலா | செவ்வாய் இரவு 11.48

இவ்வளவு பேர் தலசீமியா பற்றி எழுதிவிட்டீர்கள், தலசீமியா மேஜர் ஒருவன் எழுதட்டும்.

எனக்கு 33 வயது. வேலைக்குப் போகிறேன். சின்ன வயதில் இந்தக் கரைக்கிற மாத்திரை எல்லாம் கிடையாது. ராத்திரி வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டிவிடுவார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சொட்டும். வாரத்தில் ஐந்து ராத்திரி. புரண்டு படுத்தால் ஊசி விலகி வீங்கும், அம்மா எழுந்து வந்து மறுபடி குத்துவார். உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு என்பதுதான் எங்கள் வீட்டு ரேங்க் கார்டு. 2016 சட்டத்தில் தலசீமியாவையும் ஊனப் பட்டியலில் சேர்த்தார்கள், சான்றிதழ் வைத்திருக்கிறேன். லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறினால் “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கேட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு இழையைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று சொல்லவா? நாலில் ஒன்று என்று லேப் அக்கா சொன்னாரே, தூக்கி வைக்கப்படுகிற அந்த ஒன்று நான்தான். என் அப்பா அம்மாவுக்கு அன்றைக்கு இந்தச் சோதனை கிடைத்திருந்தால் நான் இல்லை. கோபமா என்றால் இல்லை. இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பம்ப்பைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் “தலசீமியா இல்லாத இந்தியா” என்று ரத்த தான முகாமில் பேனர் கட்டுகிறார்களே, அந்தப் பேனருக்குக் கீழே உட்கார்ந்து ரத்தம் வாங்குகிறவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் குறையக் குறைய, மீதி இருக்கிறவனுக்கு மருந்தும் வார்டும் யார் கொடுப்பார்கள் என்ற பயம் எங்கள் குரூப்பில் எல்லோருக்கும் உண்டு.

கல்யாணி அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எனக்கு ஆறு வயது இளையவள் ஒரு தங்கை. எனக்கு மஜ்ஜை கொடுப்பாள் என்ற நம்பிக்கையில்தான் பெற்றுக்கொண்டார்கள். அப்போது கருவில் தேர்ந்தெடுக்கிற வசதி எங்களுக்கு எட்டவில்லை. கர்ப்பத்தில் நோய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், இல்லை. பிறந்த பிறகு எச்எல்ஏ பார்த்தார்கள். பொருந்தவில்லை.

அன்றைக்கு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அப்பா வார்டு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆரோக்கியமாக ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்ததாம். தங்கைக்கும் இது தெரியும். சண்டை வந்தால், “நான்தான் செட் ஆகாத ஸ்பேர் பார்ட்டாச்சே” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். போன வருடம் அவள் கல்யாணத்தில் அப்பா அழுத அழுகை எதற்கு என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

பொருந்துகிற பிள்ளையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ராஜ மரியாதை கிடைக்கும். பொருந்தாத பிள்ளையைப் பற்றி யோசியுங்கள்.


மட்டுறுத்துநர் | புதன் காலை 8.00

ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் பெயரையும் டாக்டர் பெயரையும் போட்டுத் திட்டியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.


கோரேகாவ்_மீனா | புதன் காலை 10.15

எங்கள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பதினொரு வயது. கர்ப்பத்தில் எனக்கு டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சரியில்லை என்று வந்தபோது டாக்டர் அடுத்த சோதனைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, “பாசிட்டிவ் என்றால் எடுத்துவிடலாம், கவலைப்படாதீர்கள்” என்றார். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை. டென்மார்க்கில் 2004லிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை. இப்போது அங்கே டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கிற குழந்தைகள் மிகக் குறைவு. யாரும் சட்டம் போடவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. சீட்டு எழுதுகிற கை போதும்.

பாலா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.


பவாய்_கோடர் | புதன் காலை 11.40

ரமா மாமி, அறிவுத்திறனையும் பாலினத்தையும் ஒன்றாக வைப்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணும் பெண்ணும் சமம்; அறிவு கூடுவது யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நிறத்துக்கும் இதே வாதம் வரும் என்றீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்யாண வரன் விளம்பரம் பார்க்கிறவன்தானே நானும்.

பாலா, உன்னிடம் ஒரு கேள்வி. இப்போது நோயாளியின் உடம்பிலேயே ஜீனைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?


டோம்பிவிலி_பாலா | புதன் மதியம் 1.05

காஸ்கெவி என்ற சிகிச்சையைத்தானே சொல்கிறாய். 2023 நவம்பரில் பிரிட்டனில் அனுமதி கிடைத்த அன்றைக்கு எங்கள் குரூப் தூங்கவே இல்லை. நம் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப ஏற்றுவது. பிள்ளைகளுக்குப் போகாது. சம்மதம் கொடுப்பது நான், அனுபவிப்பதும் நான். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை கோடர். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர் என்பதுதான் சங்கடம்.


பரேல்_லேப்காரி | புதன் இரவு 9.30

பாலா, உங்கள் பதிவை லேபில் மதியச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ரிப்போர்ட்டில் “பாதிக்கப்பட்டது” என்று டைப் செய்கிற பெண் ரொம்ப நேரம் பேசவில்லை.

கல்யாணி, நேற்று கணக்கு சொன்னபோது பாதியோடு நிறுத்திவிட்டேன். 16இல் 3 பொருந்துகிற நல்ல கரு. 16இல் 4 மேஜர். மீதி 9? நோயும் இல்லை, பொருத்தமும் இல்லை. உங்கள் ஃப்ரீசரில் அதிகமாக இருக்கப் போவது அதுதான். ஒரு சுற்று முடிந்து, பொருந்துகிற கரு ஒன்றுகூட இல்லை, ஆனால் நல்ல கரு மூன்று இருக்கிறது என்று எங்களிடமிருந்து ரிப்போர்ட் போகும். நான் பார்க்கிற ரிப்போர்ட்டுகளில் இது அடிக்கடி வருகிற நிலைமை. அப்போது அதில் ஒன்றை வைத்துக்கொள்வீர்களா, இல்லை அடுத்த சுற்று ஊசிக்குப் போவீர்களா? இதற்கு ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்னால் நீங்களும் கணவரும் பதில் சொல்லியாக வேண்டும். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு யோசித்தால் அந்த நேரத்துப் பதட்டம்தான் முடிவெடுக்கும்.

பொருந்தாததையும் வைத்துக்கொள்வோம் என்கிற தம்பதி பிள்ளை வேண்டும் என்று வருகிறவர்கள். வைக்க மாட்டோம் என்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்பது வேறு.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் ரிப்போர்ட்டில் பாலினம் வராது. எங்கள் மெஷினில் தெரியும், அதை மறைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மாமனார் போன் செய்தாலும் பிரயோஜனமில்லை.


மாட்டுங்கா_ரமா | புதன் இரவு 10.10

மெஷினில் தெரிகிறது என்பதுதான் என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. சரி, நீ நல்ல பெண்ணாகத் தெரிகிறாய்.


செம்பூர்_கல்யாணி | வெள்ளி இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி நானும் அவரும் பேசினோம். லேப் மேடம் கேட்ட கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில் இல்லை.

பொருந்தாவிட்டாலும் நல்ல கரு என்றால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இவனுக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருக்கட்டும். அவர் கேட்கிறார்: “மூணு வாரத்துக்கு ஒரு தடவை இவனைத் தூக்கிட்டு வார்டுக்குப் போறப்ப கைக்குழந்தையை யார் பாத்துப்பா? உன் ஆபீஸ்ல எத்தனை தடவை லீவு குடுப்பான்?” அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ரத்தம் ஏற்றும் நாளில் காலையில் முதல் ஆளாகப் போய்ப் படுக்கை பிடிப்பது அவர்தான். பாலாவின் பதிவை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அந்த அப்பாவை எனக்குப் புரியுது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மரபணு ஆலோசகரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை எந்த ஊசியும் இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். வக்கீல் சார் பாராவை மாமனாருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.


அந்தேரி_அன்வர் | சனி காலை 9.00

கல்யாணி சிஸ்டர், எலும்பு மஜ்ஜை சிகிச்சைக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா யோஜனா என்று ஒன்று இருக்கிறது. 2017லிருந்து நடக்கிறது. பத்து லட்சம் வரை கொடுக்கிறார்கள். வயது, வருமான வரம்பு எல்லாம் உண்டு. ஆலோசகரிடம் அதையும் கேளுங்கள்.


தாராவி_செல்வி | சனி காலை 11.25

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எனக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை மாமா பையன். இந்த இழையைப் படித்துப் பயந்துவிட்டேன். என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? மாப்பிள்ளை வீட்டில் எப்படிக் கேட்பது? கல்யாணம் நின்றுவிடுமோ?


பரேல்_லேப்காரி | சனி மதியம் 12.40

செல்வி, முதலில் நீங்கள் மட்டும் எடுங்கள். சிபிசி என்கிற சாதாரண ரத்த அணுப் பரிசோதனை. அதில் எம்சிவி (சிவப்பணுவின் அளவு) 80க்குக் கீழே, எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27க்குக் கீழே இருந்தால் அடுத்ததாக ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கச் சொல்லுங்கள். 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் மைனர். உடம்பில் இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டலாம், அதனால் சந்தேகம் இருந்தால் இரும்பைச் சரி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். நீங்கள் மைனர் இல்லை என்றால் பீட்டா தலசீமியா மேஜர் பற்றிய கவலை அங்கேயே முடிந்தது. மைனர் என்றால்தான் மாப்பிள்ளைக்கும் எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மைனர் என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது.

கல்யாணம் நிற்பது பற்றி: சைப்ரஸில் தேவாலயத்தில் கல்யாணம் செய்ய, இந்த ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். முடிவு என்ன என்று கேட்க மாட்டார்கள், பார்த்தீர்களா என்றுதான் கேட்பார்கள். இருவரும் மைனர் என்று தெரிந்தும் பெரும்பாலானவர்கள் கல்யாணத்தை நிறுத்தவில்லை. பிள்ளை பெறும்போது சோதனை செய்துகொண்டார்கள்.

நம் ஊரில் ரிப்போர்ட் வந்தால் பெண்ணின் பெயர்தான் முதலில் அடிபடும், அது எனக்கும் தெரியும். அதனால் ரிசல்ட்டை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நீங்களே வாங்கிப் பாருங்கள். மைனர் என்று வந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள், மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசலாம் என்று அப்போது பார்ப்போம்.